மின்னல் டீச்சர் கேட்டு வாங்கிய மென்பொருள்

எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியையை எல்லோரும் மின்னல் டீச்சர் என்றுதான் சொல்வோம். தட்டச்சில் அவ்வளவு வேகம். பிடிவாதத்திலும் குறைச்சலில்லை, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பாள். பக்கத்து அறையில் கணக்குப் பாடம் எடுக்கும் எனக்கு அது நன்றாகவே தெரியும்.

பள்ளிக்கு மலிவு விலை மடிக்கணினிகள் வந்தன. கடிதம் எழுத, அட்டவணை போட எந்த மென்பொருளை ஏற்றுவது என்று கூட்டம் கூடியது. இலவசமாகக் கிடைப்பதே போதும், சின்னக் கணினிக்கு அதுதான் தாங்கும் என்றார் தலைமை ஆசிரியர். மின்னல் மசியவில்லை. ஆபீஸ்களில் இருக்கும் பெரிய மென்பொருள்தான் வேண்டும் என்றாள். முன்பு அவள் வேறொரு மென்பொருளைப் படித்துவிட்டு வேலை கேட்கப் போனபோது, "இதுகூடத் தெரியாதா?" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அவள் மகளும் அந்தக் கணினிகளில் படிக்கப்போகும் வகுப்பில்தான் இருந்தாள். செய்முறைத் தேர்வில் தேறினால்தான் அவளுக்குத் தொழிற்கல்லூரியில் இடம்.

மின்னல் சொன்னதே நடந்தது. ஆனால் அந்தப் பெரிய மென்பொருள் திறப்பதற்குள் பாதிப் பாடவேளை போய்விடும். ஒருமுறை திறந்துவிட்டால் எப்படியோ ஓடும். அதனால் தினமும் காலையில் முதல் ஆளாக வந்து, எல்லாக் கணினியிலும் அதைத் திறந்து வைத்துவிடுவாள். நாங்கள் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்தோம். "கடை திறந்தாச்சா?" என்று நான் கிண்டல்கூடச் செய்வேன். தான் கேட்டு வாங்கியது தப்பாகப் போனது யாருக்கும் தெரியக் கூடாதென்று மகளிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கணினி அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மணி அடித்த பிறகுதான் கணினியைத் தொடலாம், பள்ளி ஆசிரியர் யாரும் உள்ளே வரக் கூடாது என்பது விதி. மின்னல் எவ்வளவோ கெஞ்சினாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஜன்னல் வழியாக நானும் பார்த்தேன். திரைகளில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பயந்துபோன பிள்ளைகள் மறுபடி மறுபடி தட்டியதில் பல கணினிகள் அப்படியே நின்றுவிட்டன. கடிதத்தை முடித்தவர்களுக்கும் அட்டவணை திறக்கவில்லை. மின்னலின் மகள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பாதி வகுப்பு தேறவில்லை, அவள் மகளும்தான். மறுதேர்வு கிடையாது என்று மேலிடம் கைவிரித்துவிட்டது. அப்போதுதான் மின்னல் எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தலைமை ஆசிரியரிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நான் திட்டித் தீர்த்தேன்.

மகள் துணி ஆலையில் சட்டை மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் கிளம்பும்போது வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டாளாம்:

"நீ தினமும் முன்னாடியே போய்த் திறந்து வைக்காம இருந்திருந்தா, எங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்லம்மா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லையாம். அதைச் சொல்லித்தான் மின்னல் அழுதாள்.