என் கதையில் எருமை கிடையாது

எங்கள் வீட்டில் டிராகனைப் பற்றி முதலில் அக்கறையாக விசாரித்தவர் அப்பா. அது எத்தனை டன் இருக்கும் என்று கேட்டார். விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதன் நீளம் இருந்தது, அது கக்கும் தீ எவ்வளவு தூரம் பாயும் என்பதுகூட இருந்தது, எடை மட்டும் இல்லை. "என்னா புத்தகம் எழுதுறானுங்க," என்றார். அப்பா லோரி ஓட்டுநர். எடை தெரியாத எதையும் அவர் நம்பியதில்லை.

அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. வீடு மாற்றிக்கொடுக்கும் ஆட்களோடு வேலை செய்துகொண்டிருந்தார். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அதைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தது. கேரம் மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்து மாமா தூக்கி வந்துவிட்டார். திறந்தால் பலகையே இல்லை. இரண்டு புத்தகங்களும், நான்கு முகத்திலிருந்து இருபது முகம் வரை விதவிதமான பகடைகளும்தான் இருந்தன.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் நாலாவது மாடியில் இருந்தோம். எங்கள் குடும்பத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த முதல் ஆள் நான்தான். அந்தப் புத்தகம் இந்த விதிப்புத்தகம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படித்தேன். படித்து முடித்ததும் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினேன். ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் இருக்கும் ஆட்கள். என்ன செய்யப் போகிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும், அது நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும்.

அப்பா வீரன். அக்கா மந்திரவாதி. திருடன் வேஷத்தை யாரும் கேட்பதற்குள் மாமா எடுத்துக்கொண்டார். கம்போங் மேடானிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வரும் அத்தை மகன் வில்லாளி. அவன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பவன் என்பதை நாங்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வான்.

பெட்டியோடு வந்த கதைப்புத்தகத்தில் ஒரே ஒரு கதைதான் இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அது முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கதைகளை நாங்களே கட்ட வேண்டியதாயிற்று. "இந்த வாரம் யாரு கதை வைக்கிறது?" என்று மாமா கேட்பார், ஏதோ விருந்து வைப்பதைப்போல.

நான் வைத்த முதல் கதை ஒரு மலைக்கோட்டை. வாசலுக்கு முன்னால் தாண்ட வேண்டிய ஒரு கிணறு, உள்ளே பதினேழு அறைகள், அறைக்கு ஒரு பிசாசு. கடைசி அறையில் டிராகன், அதற்கடியில் தங்கம். டிராகன் செத்ததும் நோட்டை மூடி, "முடிந்தது, சுபம்" என்றேன்.

"என்னா முடிஞ்சுது?" என்றார் அப்பா. "இத எப்படி வீட்டுக்குக் கொண்டு போறது?"

"அதெல்லாம் போயிருவாங்கப்பா."

"எப்படிப் போவாங்க? சாமான் எவ்வளவு இருக்கு? வண்டி இருக்கா? மூடுறதுக்குக் கேன்வாஸ் இருக்கா? வந்த வழில அந்தக் கிணறு இருந்துச்சே, இவ்வளவு பாரத்தோட அதத் தாண்ட முடியாது."

"மாமா, டிராகன் செத்துருச்சு. அவ்வளவுதான் லா," என்றான் அத்தை மகன் அப்பாவிடம்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சாமான் ஏற்றியது பாதி வேலைதான், இறக்கினால்தான் முழு வேலை என்றார். அன்றைக்கு ஆட்டம் தங்கத்தை எந்தப் பக்கம் சாயாமல் கட்டுவது என்ற விவாதத்தில் போய் நின்றது. மாமா பாதியில் எழுந்து சிகரெட் பிடிக்கப் போய்விட்டார். அக்கா துணி எடுக்கப் போனாள். "உன் கதைக்கு ஆளுங்க நிக்க மாட்டேங்கிறாங்க," என்று சொல்லி அத்தை மகன் பகடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டான். அவன் மூடிய விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெட்டியைக் கேட்கப் போகிறான்.

கேட்டான். மாமாதான் தீர்ப்பு சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கதை வைக்க வேண்டும். யாருடைய கதையில் யாரும் பாதியில் எழுந்து போகவில்லையோ, பெட்டி அவனுக்கு. கம்போங் மேடானுக்குப் போன எதுவும் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. என் பட்டம், என் கால்சட்டை, எதுவுமே.

அந்த வாரம் நான் ஒரு கட்டம் போட்ட நோட்டில் "விளையாடுகிறவர்களுக்கு என்ன வேண்டும்" என்று தலைப்பு எழுதி, அடிக்கோடு போட்டு, ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். மாமாவுக்குச் சாப்பாடு வேண்டுமாம். இரண்டு நாளாகக் கோட்டைக்குள் சுற்றுகிறோம், ஒரு ரொட்டி சானாய்கூடக் கண்ணில் படவில்லை என்றார். அக்காவுக்கு வேறு குரல் வேண்டுமாம். "ராஜா, பிசாசு, கிழவி எல்லாம் உன் கீச்சுக் குரல்லயே பேசுதுடா." அம்மா விளையாடுவதில்லை என்றாலும் மரியாதைக்குக் கேட்டேன். "நீங்க எல்லாம் கொஞ்சம் தள்ளி உக்காந்தா நான் கூட்டிருவேன்," என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

அப்பாவிடம் கேட்க முடியவில்லை. கிழக்குக் கரைக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தவர் செவ்வாய்க்கிழமை வர வேண்டியது, வியாழக்கிழமைதான் வந்தார். லோரியின் இடதுபக்க மட்காட் உள்ளே அமுங்கியிருந்தது. நாலாவது மாடியிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. "ஒன்னுமில்ல, மழை," என்றார். அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரோடு நேராகப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். "உங்கப்பாவ சாப்பிடச் சொல்லு," என்பார், அப்பா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். நான் சொல்வேன். "சாப்பிடுறேன்னு சொல்லு," என்பார் அப்பா. அதையும் சொல்வேன். வீட்டில் என் மதிப்பு கூடிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

அப்பாவுக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். திரும்பி வரும் வழி. அதனால் என் புதுக் கதையில் டிராகனைக் கால் மணி நேரத்தில் சாகடித்துவிட்டு, மீதியை எல்லாம் வீடு திரும்பும் பாதையாக எழுதினேன்.

ஞாயிறு மத்தியானம் சோறு சாப்பிட்டதும் ஆரம்பித்தோம். அத்தை மகன் கதைதான் முதலில். வாசல் கதவைத் திறந்ததும் மேலிருந்து கத்தி விழுந்து திருடன் செத்துப்போனான். மாமா இரண்டு நிமிடம் பிணமாக உட்கார்ந்திருந்தார். பிறகு, "செத்தவன் சிகரெட் பிடிக்கலாம்ல?" என்று எழுந்து போய்விட்டார். அத்தை மகனின் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க நான் பெரிதாக முயற்சி எடுக்கவில்லை.

பிறகு என் கதை. டிராகன் செத்தது. அப்பா கால்களை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாட்டுவண்டி கொடுத்தேன், கயிறு கொடுத்தேன், கேன்வாஸ்கூடக் கொடுத்தேன். பாரம் பின்னால் சாயாமல் அவரே ஏற்றினார். வழியில் ஒரு கடை வைத்திருந்தேன். மாமா அங்கே ஆறு ரொட்டி சானாய் சாப்பிட்டு, காசு கொடுக்காமல் கிளம்பினார், திருடன் என்பதால். அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அடுத்தது பாலம். நல்ல மழை என்று வாசித்தேன். வண்டியை ஓட்டுவது வீரன், பகடை போட வேண்டும். அப்பா இருபது முகப் பகடையை உருட்டினார். மூன்று விழுந்தது.

"மூணுன்னா ஆத்துல விழுந்து செத்தான்," என்றான் அத்தை மகன். உண்மைதான், என் நோட்டிலேயே அப்படித்தான் இருந்தது. ஆனால் அப்பா செத்தால் எழுந்து போய்விடுவார், பெட்டியும் போய்விடும். என் வாழ்க்கையில் முதல்முறையாக விதியை மீறினேன். "விழல. வண்டி ஓரத்துல உரசி நின்னுருச்சு," என்றேன்.

"டேய், இது ஏமாத்து."

"உரசுச்சுன்னு சொல்றான்ல," என்றார் அப்பா. குரல் ஒருமாதிரி இருந்தது. பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் வாசல் வந்தது. அங்கே ஒரு காவல்காரர். வேறு குரல் வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தாளே. வண்டியில் இல்லாத ஒரே ஆள் அம்மாதான். அடுப்படி வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நீங்கள்தான் காவல்காரர், பேரைக் கேளுங்கள், பிறகு ரகசிய வார்த்தையைக் கேளுங்கள் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"யாரு?"

"நான்தான்," என்றார் அப்பா.

பேர் கேட்கணும்மா என்று நான் காதில் சொன்னேன். அம்மா காதில் வாங்கவில்லை.

"ஏன் ரெண்டு நாள் லேட்டு?"

"மழை."

"மழை எல்லாருக்குந்தான் பேஞ்சுச்சு."

மாமா வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா பகடையை இரண்டு விரலால் திருப்பினார்.

"பாலத்துக்கிட்ட கண்ணு சொக்கிருச்சு. ஒரு நிமிஷங்கூட இருக்காது. முழிச்சுப் பாத்தா நடு ரோட்டுல எருமை நிக்குது. வண்டிய ஓரமா ஒடிச்சேன். ஓரத்துக் கம்பில உரசி நின்னுச்சு. இறங்குனா, அது அசையவே இல்ல. என்னையே பாத்துக்கிட்டு நிக்குது."

"அப்பா, என் கதையில எருமை கிடையாது," என்றேன்.

அக்கா என் தொடையில் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள்.

"அப்புறம்?" என்றார் அம்மா.

"அப்புறம் என்ன, ஸ்டேரிங்கப் பிடிக்க முடியல. ஒரு கடை ஓரத்துல போட்டுட்டு மறுநாள் வரைக்கும் சும்மா உக்காந்திருந்தேன்."

மாட்டுவண்டிக்கு ஏது ஸ்டேரிங் என்று கேட்க வாயெடுத்தேன். அக்காவின் விரல்கள் இன்னும் தொடையிலேயே இருந்ததால் விட்டுவிட்டேன்.

"வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பயப்படுவ."

"சொல்லாட்டி பயப்பட மாட்டேனா?"

அம்மா என் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அதில் ஏதோ இருப்பதுபோலப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இனிமே கண்ணு சொக்குனா ஓரமா நிறுத்தித் தூங்கிட்டுதான் வரணும். எத்தனை நாள் ஆனாலும் காவல்காரி ஏன்னு கேக்க மாட்டா. சம்மதம்னா கதவு திறக்கும்."

"சம்மதம்."

"திறந்தாச்சு. உள்ள வாங்க."

அப்பா சிரித்தார். வியாழக்கிழமையிலிருந்து அவர் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "தங்கத்த எங்க இறக்கட்டும்?" என்று கேட்டார். "அடுப்படிக்கு வராம எங்கயாச்சும் இறக்குங்க," என்றார் அம்மா. அதற்கும் எல்லாரும் சிரித்தோம். அத்தை மகன்கூடச் சிரித்தான்.

பிறகு, காவல்காரி ரகசிய வார்த்தையே கேட்கவில்லை, இந்த ஆட்டம் செல்லாது என்றான். மாமா பிஸ்கட்டை மென்று முடித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "எந்திரிச்சுப் போனவங்க யாருமில்ல. ஆட்டத்துல இல்லாத ஆளு ஒன்னு வந்து உக்காந்திருக்கு. பெட்டி இங்கதான்."

அன்று பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன். அம்மாவும் அப்பாவும் அடுப்படியில் என் உதவி இல்லாமலே பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை போய்விட்டதே என்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஆனாலும் என் கதை அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது என்ற பெருமை தூங்கவிடவில்லை. அது ஏன் அமைந்தது என்று யோசித்தேன். ரொட்டி சானாய் காரணமில்லை, குரலும் காரணமில்லை. விளையாடாத அம்மாவே அப்புறம் என்று கேட்டது ஒரே ஓர் இடத்தில்தான். நோட்டைத் திறந்து, பட்டியலின் கடைசியில் எழுதினேன்: திரும்பி வரும் வழியில் எருமை.

அடுத்த நடையில் அப்பா அரை நாள் தாமதமாக வந்தார். கன்னத்தில் சீட்டின் பின்னல் அப்படியே கோடு கோடாகப் பதிந்திருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி தேத்தண்ணி கலக்கப் போனார். ஏன் லேட்டு என்று கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கதையில் மூன்று எருமைகள் வைத்தேன். ஒன்று தீயும் கக்கியது. மாமா அவற்றைத் திருடி விற்றார், அவ்வளவுதான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதற்கடுத்த வாரம் ஐந்து வைத்தேன்.