தள்ளினால் நிற்கும்

இது நடந்தது. மெய்யாகவே நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். சந்தேகப்படுகிறவர்கள் ஒரு புதன்கிழமை அவள் வண்டியில் ஏறிப் பார்க்கலாம். நான் ஏறமாட்டேன்.

ராத்திரியில் இதைப் படிக்கிறீர்களா கண்ணுகளா? பயப்படாதீர்கள். இதில் ராத்திரியே கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், உச்சி வெயிலில் நடந்தது. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். இருட்டில் வருகிறதுக்கு விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். வெயிலில் வருகிறதுக்கு என்னத்தைப் போடுவது?

ராஜபாளையத்து வெங்கடேஸ்வரிக்கு நாற்பத்து மூன்று வயது. மூன்று வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனது. கல்யாணம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். தளவாய்புரத்தில் ஆறு மிஷின் போட்டு நைட்டி தைக்கிறாள். தைத்ததை ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதற்கு அண்ணன் விஜயபாண்டியின் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அவன் போலீஸில் ஏட்டு. லீவு கிடைத்தால் உண்டு, மனசு வந்தால் உண்டு. "ஏட்டி, உனக்கு மூட்டை சுமக்கவா நான் காக்கி போட்டேன்?" என்பான். பஸ்ஸில் போகலாம் என்றால், அவள் முதல் படியில் கால் வைக்குமுன் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து யாராவது வருவார்களா என்று ரோட்டைப் பார்த்தே அவளுக்குப் பாதி ஆயுசு போனது.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு கார் கிடைத்தது.

சிவப்பு எண்ணூறு சிசி. பதினேழு வருஷத்து வண்டி. அவளைப் போலவே வலது கால் முடியாத ஒருவர் தனக்காக மாற்றிக் கட்டியது. ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது பக்கம் ஒரு இரும்புக் கம்பி இருக்கும். முன்னால் தள்ளினால் பிரேக். தன் பக்கம் இழுத்தால் ஆக்சிலேட்டர். கிளட்ச்சுக்கு நல்ல காலான இடது கால் போதும். அந்த மாதிரி வண்டி விலைக்கு வருவது குதிரைக் கொம்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் எலினா என்ற ரிட்டையரான டீச்சர்தான் விற்றார். வண்டி அவருடைய அண்ணன் கிறிஸ்துராஜுடையது. "அண்ணனால இனிமே ஓட்ட முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. வெங்கடேஸ்வரி மேற்கொண்டு கேட்கவில்லை. சாவி கைக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் யாருக்குக் கேட்கத் தோன்றும்? மெக்கானிக் காளிராஜ் வண்டியை ராஜபாளையத்துக்கு ஓட்டிவந்து விட்டான்.

முதல் மாதம் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகினாள். டீக்கடைக்காரர் வண்டிக்கே வந்து கிளாஸை நீட்டினார். அய்யனார் கோயில் ஆற்றுப் பக்கம் போய், கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் தைக்கிற வெள்ளைத்தாயின் மகளுக்கு வலி எடுத்தபோது இவள்தான் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டாள். "ஏறுங்க, நான் விட்டுட்டு வாரேன்" என்று ஜென்மத்தில் முதல் தடவையாக அவள் வாயால் சொன்னாள்.

செலவும் இல்லாமல் இல்லை. டயர் மாற்ற ஒரு வளையல் போனது. பேட்டரிக்கும் எஃப்சிக்கும் இன்னொன்று. தங்கம் கிடந்த கையில் கிரீஸ் ஏறியது. "ரெண்டாங்கை வண்டிக்கு இம்புட்டா?" என்று பக்கத்து வீட்டில் குத்தினார்கள்.

"ஆண்டாள் சூடிக் களைஞ்ச மாலையைப் பெருமாளே கேட்டு வாங்கிக்கிட்டாரு. எனக்கென்ன வந்துச்சு?" என்றாள் இவள்.

பிறகுதான் புதன்கிழமைகள் ஆரம்பித்தன.

முதல் புதன். பின் சீட்டு நிறைய நைட்டி மூட்டை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும். இடது பக்கம் வற்றிக் கிடக்கிற கண்மாய். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம், இருபதடி கூட இருக்காது. அதில் ஏறும்போது கம்பி அவள் கைக்குள்ளேயே முன்னால் நகர்ந்தது. ஒரு விரற்கடை. அவ்வளவுதான். வண்டி மெதுவானது. அவள் இழுத்தாள். நினைத்ததைவிட லேசாக வந்துவிட்டது. மணி பார்த்தாள். பன்னிரண்டு பதினாலு.

இரண்டாம் புதன். அதே பாலம். பன்னிரண்டு பதினாலு. இந்தத் தடவை இரண்டு விரற்கடை. காருக்குள் சேற்று வாடை அடித்தது. கண்மாயிலோ மண் வெடித்துக் கிடந்தது.

காளிராஜ் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். "கம்பி கல்லு மாதிரி இருக்குக்கா. உங்க கைதான் லூசு."

"உன் வாய்தாம்லே லூசு. போல்ட்டை முறுக்கு."

மூன்றாம் புதன் கம்பி பாதி தூரம் போனது. கடையில் மூட்டையை இறக்கும்போது அடி மூட்டை நனைந்திருந்தது. பிழிந்தால் சொட்டும் அளவுக்கு... மழை பெய்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

நாலாம் புதன் வண்டி பாலத்தின் நடுவில் நின்றே விட்டது. எண்ணி மூன்று நொடி. அவள் கம்பியைத் தன் பக்கம் இழுத்தபோது யாரோ கூடச் சேர்ந்து இழுத்த மாதிரி சட்டென்று வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொன்னது தப்பாகப் போனது. அம்மா அழ ஆரம்பித்தாள். விஜயபாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வித்துரு."

"மாட்டேன்."

"வேற பாதையிலயாவது போ."

"எதுக்கு? இந்த ரோடு அது அப்பன் வீட்டு ரோடா?"

"ஒத்தக் கால வச்சிக்கிட்டு உனக்கு எதுக்குட்டி இம்புட்டு ராங்கி?"

"காலுதான் ஒண்ணு குறைச்சல். ராங்கி முழுசா இருக்கு."

"அடுத்த புதன் ஏதாவது நடந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், புரோக்கரோட வந்து நிப்பேன். பாத்துக்கோ."

அவன் சொன்னால் செய்வான். அம்மாவும் அவன் பக்கம். வண்டி போனால் மறுபடி அந்த வாசல் நாற்காலிதான் என்று இவளுக்குத் தெரியும். செத்தாலும் அதில் உட்காருவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, விஷயம் காதில் விழுந்து, வெள்ளைத்தாய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பிறந்த ஊர் தேவதானம். மாடு வாங்கி விற்ற குடும்பம். கம்பியின் பிடியில் சுற்றியிருந்த கட்டம் போட்ட கைலித் துணியைத் தொட்டுப் பார்த்தாள். கிறிஸ்துராஜ் சுற்றியது. வியர்வை ஊறிக் கறுத்து, விரல் தடம் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தது. பிடிக்க வசதியாக இருந்ததால் வெங்கடேஸ்வரி அப்படியே விட்டிருந்தாள்.

"ஏக்கா, மாட்டை வித்தா யாராவது கயித்தைக் கொடுப்பாகளா? கயிறு வித்தவன் வீட்டுலல்லா கிடக்கணும். நீங்க கயித்தோட ஓட்டிட்டு வந்துட்டீக. அந்த ஆளு பிடிச்ச பிடி இன்னும் இதுல இருக்கு. அவுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துருங்க."

அது நியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு உள்ள முறைதான் டிராக்டருக்கும், மோட்டாருக்கும். அன்று சாயங்காலம் ஆறு பத்துக்கு அவள் துணியை அவிழ்த்தாள். காலையிலிருந்து நிழலில் நின்ற வண்டி. ஆனால் கடைசிச் சுற்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி.

ஐந்தாம் புதன்.

துணியை மஞ்சப் பையில் போட்டுப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டாள். வெறும் இரும்பு கையில் சில்லென்று இருந்தது.

பன்னிரண்டு பன்னிரண்டு. கண்மாய்க்கரை தெரிந்தது.

பன்னிரண்டு பதின்மூன்று. சேற்று வாடை. இந்தத் தடவை மூச்சு முட்டியது.

பன்னிரண்டு பதினாலு.

கம்பி ஒரே தள்ளாக முன்னால் போனது.

கிறீச்...

வண்டி பாலத்தின் நடுவில் நின்றது. மஞ்சப் பை கீழே விழுந்தது.

அவள் இழுத்தாள். வரவில்லை. தோள்பட்டை இற்றுப்போகிற மாதிரி இழுத்தாள்.

அசையவில்லை.

பின்னால் ஹாரன் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். ஆலங்குளம் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றி வருகிற டிப்பர். இறங்கி ஓட அவளுக்குக் கால் இல்லை.

பாம்... பாம்...

அப்போது புறங்கையில் ஏதோ பட்டது.

ஈரம்.

அவள் கைக்கு மேல்... இன்னொரு கை.

பார்வைக்கு ஒன்றும் இல்லை. கனம் இருந்தது. குளிர் இருந்தது. ஒவ்வொரு விரலாக எண்ண முடிந்தது.

"விடு."

விடவில்லை.

"விடுறியா, இல்லையா? இது என் வண்டி. என் வளையலு. என் காலு!"

டிப்பர் உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனது. டிரைவர் கெட்ட வார்த்தையில் ஏசினார். அந்த ஏச்சு அவளுக்குத் தேன் மாதிரி இருந்தது. மனுசக் குரல்.

அவள் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு.

வந்தது.

பன்னிரண்டு இருபது. புறங்கையில் நாலு விரல் தடம் வெளுத்துக் கிடந்தது.

நேரே எலினா டீச்சர் வீட்டுக்கு விட்டாள். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உள்ளே பாட்டுச் சத்தம். கூடத்தில் கண்ணாடிப் பெட்டி. கிறிஸ்துராஜ் வெள்ளை வேட்டி சட்டையில் படுத்திருந்தார். வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது.

"எப்போ டீச்சர்?"

"நேத்து சாயங்காலம்மா. ஆறு பத்துக்கு." அழுது அழுது எலினாவின் குரல் கம்மியிருந்தது. "ரெண்டு வருசமா பக்கவாதம். வலது பக்கம் பூராவும் போச்சு, பேச்சும் போச்சு. அதான் வண்டியக் கொடுத்தேன்."

வெங்கடேஸ்வரி மஞ்சப் பையை நீட்டினாள். எலினா துணியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பெட்டியைத் திறக்கச் சொல்லி, மூடிய அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

இவளுக்கு மனசு பொறுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டீச்சரைத் தனியே கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க. அண்ணனுக்கு வண்டியைக் கொடுக்க மனசில்லையோ என்னமோ... புதன்கிழமை தவறாம அந்தக் கண்மாய்ப் பாலத்துல பிரேக்கைத் தள்ளிவிட்டாரு. இன்னைக்கும் தள்ளினாரு. ஆனா வண்டியை நான் திருப்பித் தர மாட்டேன் டீச்சர். அவருக்கு எம்புட்டு உசுரோ, எனக்கும் அம்புட்டு உசுரு."

எலினா அவளையே பார்த்தார்.

"புதன்கிழமை எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு பதினாலு."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணனுக்குக் கஞ்சி ஊத்துற நேரம் அது. ரெண்டு வருசமாச் செத்துக் கிடந்த கை, நாலு வாரமா புதன்கிழமை மட்டும் அசைஞ்சுச்சு. பல்லைக் கடிப்பாரு. வேர்த்து ஊத்தும். கட்டிலே ஆடும். நான் ஜெபம் பண்ணேன், கை வந்துருச்சுன்னு..."

"தள்ளுவாரா?"

"தள்ளுறதா? இல்லம்மா." எலினா கையை முன்னால் நீட்டி, முஷ்டியை மூடி, நெஞ்சை நோக்கிக் கொண்டுவந்தார். மெதுவாக. "இப்படி... இழுப்பாரு. அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிருக்கிற மாதிரி, இழுத்துக்கிட்டே இருப்பாரு."

பாட்டுச் சத்தம் நின்றிருந்தது.

வெங்கடேஸ்வரி புறங்கையைப் பார்த்தாள். நாலு தடமும் இன்னும் போகவில்லை.

போன் அடித்தது. விஜயபாண்டி.

"எங்க இருக்க? ஒரு டிப்பர்காரன் சொன்னாம்னு சொல்லுதாங்க, பாலத்து மேல செவப்புக் கார் நின்னுச்சாம்லா? புரோக்கர் இங்க வந்து நிக்கான்."

"நிக்கட்டும். வெயில்ல நிக்கச் சொல்லு."

எலினா அவள் கையைப் பிடித்தார். "வண்டி இங்கயே கிடக்கட்டும்மா. பஸ்ல போங்க."

"பஸ் எனக்காக நிக்காது டீச்சர்."

அடக்கம் முடியும்வரை இருந்தாள். ஒரு பிடி மண் போட்டாள். "நாலு வாரம் இழுத்தீக. போதும்ணே, தூங்குங்க" என்றாள். பிறகு வந்து வண்டியில் ஏறினாள்.

பாலத்துக்கு வந்தபோது மணி ஐந்து நாற்பது. நல்ல வெளிச்சம். பன்னிரண்டு பதினாலு இல்லை, ஆனாலும் வாடை வந்தது. கம்பி நகர ஆரம்பித்தது. இனிமேல் கூடச் சேர்ந்து இழுக்க யாரும் இல்லை.

"தள்ளு," என்றாள். "எம்புட்டு நேரந்தான் தள்ளுவ, பாக்கேன்."

வண்டி நின்றது. நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது.

அது யார், என்ன, அந்தக் கண்மாயில் எந்தக் காலத்தில் என்ன நடந்தது, எதுவும் எனக்குத் தெரியாது கண்ணுகளா. ஊரில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. புரோக்கர் இரண்டு தடவை வந்துவிட்டு வருவதை நிறுத்திவிட்டான். நைட்டி இன்றைக்கும் புதன்தோறும் போகிறது. அடி மூட்டையை மட்டும் பாலிதீனில் கட்டிக்கொள்கிறாள்.

அந்த இருபதடிப் பாலத்தைத் தாண்ட அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்குப் பதினோரு நிமிஷம் ஆனதாம்.

போன புதன் நாலு நிமிஷம்.