பாதித் தாடிக்காரர்

பாக்கார் ஆராங்கில் பழைய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சினைத் தேய்த்து மெருகேற்றித் தரும் ஒருவர் இருந்தார். தான் தேய்த்த எஞ்சின் மூடியில் முகம் பார்த்துத்தான் சவரம் செய்வார். வலப்பக்க மூடியில் வலக்கன்னம், இடப்பக்க மூடியில் இடக்கன்னம். முகம் தெளிவாகத் தெரியும்வரை கன்னத்தில் கத்தி படாது.

அலோர் ஸ்டாரில் பழைய மோட்டார் ஊர்வலம் வந்தது. அவரிடம் மெருகேற்றக் கொடுத்திருந்த என் மோட்டாரோடு வருவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் முன்பு போய்ப் பார்த்தால், அவருடைய வலக்கன்னம் வழவழ, இடக்கன்னம் புதர்.

"இடப்பக்கம் இன்னும் சியாப் ஆவலையாண்ணே?"

"வேலை முடிஞ்சிருந்தா இப்படியா இருப்பேன்?" என்று சொறிந்துகொண்டார்.

ஊர்வலத்துக்கு முதல்நாள் மறுபடி போனேன். இரண்டு கன்னமும் மின்னின. ஆசையாக மோட்டாரைத் தள்ளப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மீசைய பாரு தம்பி."

மீசை உதட்டை மூடித் தொங்கியது.

"கார்புரேட்டர் முடியலலா. அதுல பாத்துத்தான் மீசைய வெட்டணும்."

"சைடு கண்ணாடி இருக்கேண்ணே?"

"அது கம்பெனிக்காரன் வேலை. அதுல என் மூஞ்சி எதுக்கு?"

ஊர்வலத்தை பஸ்ஸில் போய்ப் பார்த்தேன்.

போன மாதம் பெண்டாங்கில் ஒரு கல்யாணப் பந்தியில் அவரைக் கண்டேன். இடக்கன்னம் வழவழ, வலக்கன்னம் புதர். பந்தியே வாய்க்குள் சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவர் மட்டும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அந்தத் தாடியையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவரா?" என்றேன்.

"அது என் மோட்டார்லாண்ணே," என்றார்.