செக்கிங் அக்காவும் ஐந்து கால் நாயும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி தெருவில், கடையில், சொந்தக்காரர் வீட்டில் என்று எங்கே போனாலும் அவள் செக்கிங் அக்காதான். குழந்தைத் துணி தைக்கும் கம்பெனியில், தைத்து வரும் சட்டையையும் கவுனையும் செக்கிங் டேபிளில் விரித்துப் போட்டு, உள்ளும் புறமும் புரட்டி, கோணல் தையலையும் விட்டுப்போன பொத்தானையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவள். மகள் கல்லூரியை முடிக்கும்வரை அதே டேபிள்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது இவளைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். தையல்காரர்கள் வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் பிரித்துத் தைப்பார்கள். ஆனால் தங்கள் பிள்ளைக்குத் துணி எடுக்கப் போகும்போது இவளைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள்.

அந்தக் கம்பெனி ஒரு நாள் மூடிக்கொண்டது. வேறெங்கோ கூலி குறைவாம். மெஷின்களை லாரியில் ஏற்றினார்கள், எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தார்கள், கைகுலுக்கினார்கள், முடிந்தது கதை. ஆளை வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் முதலாளிகளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சிரித்த முகம் வருகிறதோ, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தவள் சும்மா இருந்தாளா? அவள் சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்காதே. துவைத்த சட்டையை மடிக்கும்போதே காலரைப் புரட்டிப் பார்த்தாள். நன்றாக இருந்த சோபா உறையை உருவிப் பிரித்து மறுபடி தைத்தாள். எதிர்வீட்டுத் திரைச்சீலை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று ஜன்னல் வழியாகவே சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பரம சாது. ஒரு நாள் காலையில் அவரை வாசலிலேயே நிறுத்தித் தோள்பட்டைத் தையலைச் சோதித்தபோது, "பாஸா ஃபெயிலா? சொன்னா வண்டிய எடுப்பேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இனி யாருக்கும் தன்னால் எந்த உபயோகமும் இல்லை என்ற பயம் அன்றைக்குத்தான் அவளை முழுசாகப் பிடித்தது.

விஷயம் அண்ணன் மனைவியின் காதுக்குப் போனது. அண்ணி பாத்திரக் கடை நடத்துகிறவள்; அண்ணன் பெயருக்குத்தான் முதலாளி. அடுத்த தெருவில் இன்னொரு கடை திறக்கப்போகிறேன், கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும், வந்துவிடு என்றாள். நல்ல மனசோடுதான் கூப்பிட்டாள், அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் அண்ணி ஒருவருக்கு ஒரு உதவி செய்துவிட்டால் ஊர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு விடுவாள். பாத்திரம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் 'வேலை போயி வீட்ல கிடந்தா, நாந்தான் கூட்டிட்டு வந்தேன்' என்று அவள் சொல்லப்போவதை நினைத்தாலே செக்கிங் அக்காவுக்குக் கூசியது. நான் கைவேலை ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன், புதுக் கடை திறப்பதற்குள் அது சரிப்பட்டு வராவிட்டால் வருகிறேன் அண்ணி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். என்ன கைவேலை என்று அப்போது அவளுக்கே தெரியாது.

அதைக் காட்டிக்கொடுத்தது மாடிவீட்டுக் குட்டிப்பெண். தான் வரைந்த கரடியை எடுத்துக்கொண்டு வந்து, இதைத் தைத்துக் கொடு என்று நின்றாள். பொழுது போகாமல் இருந்தவள் மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். அந்த வாயாடி பக்கத்திலேயே நின்றுகொண்டு, வயிறு இன்னும் பெரிசு, மூக்கு இங்கே இல்லை அங்கே என்று அதிகாரம் செய்தாள். பஞ்சு அடைத்து முடித்ததும் கரடியைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறியவள், ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட அதைக் கீழே வைக்கவில்லையாம். மகள் அதைப் படம் பிடித்து இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிப் போட்டாள். 'வரைஞ்சது நீ, தைச்சது நான்' என்று அதற்குப் பெயரும் வைத்தாள். உங்கள் குழந்தை வரைந்ததை அனுப்புங்கள், பொம்மையாக்கித் தருகிறோம் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

ஆர்டர் வந்தது. முகம் தெரியாத வீடுகளிலிருந்து பூனையும் யானையும் ராட்சசனும் வந்தன. சாப்பாட்டு மேஜை செக்கிங் டேபிளாக மாறியது. வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, அவள் கை நேர்த்தி அப்படி. ஒரு நூல் துருத்திக்கொண்டிருக்காது. பொம்மை போய்ச் சேர்ந்ததும் பெற்றோர்கள், அழகாக இருக்கிறது, மிக்க நன்றி என்று எழுதினார்கள். அதோடு சரி. யாரும் இரண்டாவது பொம்மை கேட்கவில்லை, யாரும் குழந்தையோடு படம் எடுத்துப் போடவில்லை. ஆர்டர் மெல்லக் குறைந்தது. அண்ணியின் புதுக் கடைக்கு ஷட்டர் வைத்தாயிற்று என்று செய்தி வந்தது.

அப்போதுதான் நாய் வந்தது. நீல நாய். ஒரு காது தலையில், இன்னொன்று கழுத்துக்குப் பக்கத்தில். கால் ஐந்து. நான்கு கீழே, ஐந்தாவது முதுகிலிருந்து மேலே, வாலுக்கு முன்னால் நீளமாக. செக்கிங் அக்கா அதைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். பாவம், வீட்டில் பழுப்புக் கிரேயான் தீர்ந்துபோயிருக்கும். காது கை தவறி இறங்கியிருக்கும். கால் கணக்கு தவறியிருக்கும், சின்னப் பிள்ளைதானே. பழுப்புத் துணியில், நான்கு காலும் ஒரே உயரத்தில், காதுகள் அந்தந்த இடத்தில், நிஜ நாயே வெட்கப்படும்படி ஒரு நாய் தைத்து அனுப்பினாள். அவள் செய்ததிலேயே அதுதான் அழகு என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

அந்த நாய்க்கு ஒரு வீடியோ வந்தது. குழந்தையின் அம்மா கோபமாக ஒன்றும் எழுதவில்லை. பார்க்கட்டும் என்று அனுப்பியிருந்தாள். மகள் ஒரு நாள் முழுக்க அதை மறைத்து வைத்திருந்து, பிறகு தாங்காமல் காட்டினாள். நாலு வயசு இருக்கும் ஒரு சிறுமி. நாயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அழவில்லை. மரியாதையாக அம்மாவிடமே நீட்டுகிறாள். "இது வேற யாரோடதோ. மாத்தி அனுப்பிட்டாங்க. குடுத்துடு" என்கிறாள்.

செக்கிங் அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. முதலில் கோபம்தான் வந்தது. நாய்க்கு அஞ்சு கால் வைத்தால் ஊர் சிரிக்காதா என்று மகளிடம் பாய்ந்தாள்.

மகள் பொறுமையாக இதுவரை வந்த ஓவியங்களையும் போன பொம்மைகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். சாய்ந்த யானை நிமிர்ந்திருந்தது. பூனையின் ஒரு பெரிய கண் சின்னதாகியிருந்தது. ராட்சசனுக்குப் பல்வரிசை நேராகியிருந்தது; பாவம், அவனைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது.

"அம்மா, நீ பொம்மை செய்யலம்மா. எல்லாக் குழந்தையையும் செக்கிங் பண்ணி ஃபெயிலாக்கி அனுப்பியிருக்க."

பெற்ற பெண் என்பதற்காக இப்படியா சொல்வது? ஆனால் பொய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. துணிகளைப் பெட்டியில் போட்டு மூடினாள். அண்ணிக்குப் போன் போட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணிக்கு ஒரே சந்தோஷம். நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.

மாலையில் வீட்டுக்காரர் வந்தார். பெட்டி மூடியிருப்பதையும் மேஜை காலியாக இருப்பதையும் பார்த்தார். மகள் நடந்ததைச் சொன்னாள். அவர் மேஜையில் தட்டை வைத்துச் சாப்பிட்டார். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"கோணலா இருந்தா நேராக்குறதுதானே என் வேல? வேற என்ன தெரியும் எனக்கு?" என்றாள் அவள்.

அவர் மென்றுகொண்டே கேட்டார்: "ஒரு தடவ கவுன் ஒண்ணு வந்துச்சுன்னு சொன்னியே. ஒரு பாக்கெட் மேல, ஒரு பாக்கெட் கீழ. அதுக்கு நீ என்ன பண்ணின?"

"நேரா தைச்சதையெல்லாம் திருப்பி அனுப்பினேன்."

"ஏன்?"

"சாம்பிள் அப்படித்தானே வந்துச்சு. வாங்குறவங்க ஒத்துக்கிட்ட சாம்பிள். அதுல பாக்கெட் ஏறி இறங்கி இருந்தா நாமளும் அப்படித்தான்..." என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அவர் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேஜை காலியானது.

அடுத்த நாள் காலையிலேயே நாயின் ஓவியத்தை மகளிடம் சொல்லிப் பெரிதாக அச்சடித்து வாங்கி மேஜையில் ஒட்டினாள். இனி இதுதான் சாம்பிள். டேப்பை எடுத்துக் காது கழுத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று அளந்தாள். எந்தக் கால் குட்டை, எந்தக் கால் உள்ளே வளைந்திருக்கிறது என்று குறித்தாள். கோணலைக் கோணலாகவே தைப்பது இருக்கிறதே, அப்பப்பா, உயிர் போய்விட்டது அவளுக்கு. துணியை மெஷினில் வைத்தால் கை தன்னால் நேராகப் போகிறது. பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். கிரேயான் நிறம் கோட்டைத் தாண்டி வழிந்த இடத்தில் நீல நூலையும் அப்படியே தாண்டி ஓடவிட்டாள். முதுகுக் காலுக்கு மட்டும் பஞ்சோடு துணிச்சுருளும் வைத்து விறைப்பாக நிறுத்தினாள். அது எதற்கு என்று கடைசிவரை அவளுக்குப் புரியவில்லை. சாம்பிளில் இருக்கிறது, அவ்வளவுதான். கடைசியில் ஓவியத்தையும் நாயையும் பக்கத்தில் வைத்து, பழைய கம்பெனியில் பார்த்ததைவிடக் கறாராகப் பார்த்தாள். கழுத்துக் காது கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. பிரித்துத் தைத்தாள். பிறகுதான் பார்சல் போட்டாள்.

பார்சல் போய் ஒரு வாரம் பேச்சு மூச்சில்லை. அண்ணி சொன்னபடி வந்துவிட்டாள். புதுக் கடை நாளைக் காலையில் திறக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, கல்லாவில் காற்று வரும், ஃபேன் தலைக்கு நேரே போட்டிருக்கிறேன் என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உனக்குக் கண் கூர்மை, எவனும் உன்னை ஏமாற்ற முடியாது என்றாள். செக்கிங் அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தாள். ராத்திரி அண்ணி வீட்டில் தங்க மாற்றுத் துணி எடுத்துவைத்த பை காலடியில் இருந்தது. மனசெல்லாம் பாரம். கொடுத்த வாக்கு, போய்த்தானே ஆக வேண்டும்.

அறைக்குள்ளிருந்து மகள் ஓடி வந்தாள். கையில் போன். இருவர் நடுவில் உட்கார்ந்து வீடியோவை ஓடவிட்டாள்.

அதே சிறுமி. பார்சலைப் பிரிக்கிறாள். நீல நாய் வெளியே வருகிறது. சிரிக்கவில்லை, குதிக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்த ஆளைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறாள். கழுத்திலிருக்கும் காதைத் தடவுகிறாள். அப்புறம் எழுந்து நின்று, நாயைத் தரையில் நிற்க வைத்து, முதுகில் நிமிர்ந்திருக்கும் ஐந்தாவது காலை எட்டிப் பிடிக்கிறாள். படம் பிடிக்கும் அம்மாவின் குரல், அந்தக் கால் எதுக்கும்மா என்று கேட்கிறது.

"நாலு காலு அது நடக்க. இது நான் கையப் புடிச்சிக்க" என்கிறாள் சிறுமி. நாயின் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு அறையை விட்டே போய்விடுகிறாள்.

செக்கிங் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அதை நான் வெட்டி எறிந்தேனே, அந்தப் பிள்ளை பிடித்துக்கொள்ள வைத்த கையையே வெட்டி எறிந்தேனே என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இன்னொரு தடவை போடு என்றாள். மகள் போட்டாள். சிறுமி நாயோடு மறுபடியும் அறையை விட்டுப் போகும்வரை அண்ணி கண்ணெடுக்காமல் பார்த்தாள். பிறகு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காலடியில் இருந்த பையை எடுத்து மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

"கல்லாவுல உட்கார யார் வேணாலும் கிடைப்பாங்க. இத யாரு செய்வா? நீ இருந்துக்க" என்றாள்.