முன்னறையின் மூன்று தாழ்ப்பாள்கள்

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. இருட்டில் இல்லை. பட்டப்பகலில், மூன்று மணி வெயிலில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நடந்தது. குடித்திருப்பார்கள், வெயில் மயக்கமாக இருக்கும் என்று காரணம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: புருஷன் பெண்டாட்டி இருவருமே தேநீருக்கு மேல் எதையும் தொடாதவர்கள். பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே, "வேற வேலை இல்லையா" என்று எழுந்து போகிறவர்கள். இப்போது அந்தப் பேச்சு வந்தால் அவர் எழுந்து போவதில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவள் நீச்சல் டீச்சர். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் தண்ணீர்ப் பயத்தைத் தெளிவித்தவள். விடுமுறை நாட்களில் பாய்மரப் படகு ஓட்டவும் சொல்லிக்கொடுப்பாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கம்பிவடம் எப்போது அறும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் கடலில் அவருக்குக் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. "வீட்ல நான் ராஜா, தண்ணியில நான் கூலி" என்பார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இனி ஒரு பழைய படகை வாங்கி, அதிலேயே குடியிருந்து, கரையோரமாக ஊர் ஊராகப் போவது என்பது இருவரின் எட்டு வருடத் திட்டம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் அவளை "நீ" என்பார். அவள் அவரை "நீங்க" என்பாள். இருபத்தாறு வருடத்தில், எவ்வளவு பெரிய சண்டையிலும், இது மாறியதில்லை.

அது அவர்கள் பார்க்கப்போன பதினோராவது படகு. முதல் பத்தில் ஒன்றில் அடிமரம் உளுத்திருந்தது, ஒன்றில் எஞ்சின் செத்திருந்தது, ஒன்று கட்டிய இடத்திலேயே பாதி முழுகியிருந்தது. இது முப்பத்தாறு அடி. வயது முப்பத்துநான்கு. பகல் ஒன்று பத்துக்குப் படகுத்துறைக்குப் போனார்கள். இடுப்பில் சாவிக்கொத்தோடு தரகர் நின்றிருந்தார். சொந்தக்காரர் வரவில்லை.

லிஃப்ட்காரர் ஸ்க்ரூடிரைவர் பிடியால் படகின் வயிற்றைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார், டாக்டர் மாதிரி. ஓர் இடத்தில்கூட உளுத்த சத்தம் வரவில்லை. பாய்க்கயிறுகள் புதிது. எஞ்சின் முதல் இழுப்பில் பிடித்தது.

"இதை ஏன் விக்கிறாங்க?" என்று கேட்டார்.

"அவருக்கு இப்போ துணை இல்லைங்க. தனியாளா என்ன பண்ணுவார்?"

அவள் உள்ளே இறங்கிப் பார்த்தாள். சமைக்கும் இடம், மேசை, இரண்டு பக்கமும் மெத்தைப் பலகைகள். எல்லாம் பழசு. இடது பக்க மெத்தை உறை மட்டும் புத்தம் புதிது. கழிப்பறையில் கண்ணாடிச் சட்டம் இருந்தது, கண்ணாடி இல்லை. படகின் மூக்கில், முனைபோலக் குறுகிப் போகும் முன்னறையில் ஒரு படுக்கை. அதற்கு மேலே, கூரையில், தடித்த கண்ணாடி ஜன்னல் ஒன்று.

முன்னறைக் கதவின் உட்புறம் தாழ்ப்பாள் இருந்தது. ஒன்றல்ல, மூன்று. மேலே, நடுவில், கீழே.

"ரெண்டு பேர் இருக்கிற படகுல இதெதுக்கு?"

"அலையில கதவு அடிச்சுக்கும்னு போட்டிருப்பாங்க" என்றார் தரகர். அவர் உள்ளே இறங்கவே இல்லை. படியின் மேலே நின்றே பேசினார்.

இரண்டரை மணிக்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். தரகர் ஏறவில்லை.

"எனக்குக் கடல் ஒத்துக்காதுங்க."

"படகுத் தரகருக்கே கடல் ஒத்துக்கலையா? நல்ல கதைதான்" என்று லிஃப்ட்காரர் சிரித்தார். தரகர் சிரிக்கவில்லை. பைனாகுலரை எடுத்துக்கொண்டு துறையின் கோடிக்குப் போய் நின்றார்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் பாயை ஏற்றினார்கள். காற்று வாகாக இருந்தது. அவள் சுக்கான் பிடித்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்லக் கயிற்றை இழுத்தார், விட்டார். படகு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போனது. "இதுதான்" என்றாள். "இதேதான்" என்றார் அவர். இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

மூன்று மணி நாலு நிமிடத்துக்கு அவர் ஒரு கயிற்றைத் தவறாகச் சுற்றினார்.

"அதை விடு" என்றாள்.

விடு. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. வாய் தவறியிருக்கும்... அவர் கண்ணடித்துவிட்டு வேறு பக்கம் சுற்றினார். அதுவும் தவறு.

"எத்தன தடவடா சொல்றது உனக்கு?"

குரல் அவளுடையது. சொல் அவளுடையதல்ல. அந்தக் கோபமும் அவளுடையதல்ல. அது அடிவயிற்றிலிருந்து வரவில்லை. காலடியிலிருந்து, அந்த மரத்திலிருந்து, உள்ளங்கால் வழியாக ஏறி வந்தது. சூடாக. பழக்கப்பட்டதுபோல.

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் பார்த்தாள். வலது கை தலைக்கு மேலே ஓங்கியிருந்தது. அதில், கயிறு சுற்றும் உருளையின் இரும்புக் கைப்பிடி. ஒரு முழ நீளம். அதை எப்போது எடுத்தாள்? தெரியாது.

கீழே போட்டாள்.

"சுக்கானைப் பிடிங்க. நேரா வச்சிருங்க. நான்... முகம் கழுவிட்டு வரேன்."

முகம் கழுவ அல்ல. தன்னிடமிருந்து அவரைக் காப்பாற்ற ஓடினாள். முன்னறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டாள். கீழே, மேலே, நடுவே. அந்த வரிசையைக் கைதான் போட்டது. அவள் யோசிக்கவில்லை.

மணி மூன்று பதினொன்று.

மேலே காலடிச் சத்தம்.

சப்... சப்... சப்...

வெறுங்கால். அவர் ரப்பர் செருப்பு போட்டிருந்தார்.

சத்தம் பின்பக்கத்திலிருந்து கிளம்பி அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றது.

பிறகு அடி விழுந்தது.

லிஃப்ட் குழியில் இரும்புச் சாமான் விழுந்தால் வரும் சத்தம் என்று அவர் ஒருமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். இது அது அல்ல. இது சதையில் இரும்பு விழும் சத்தம். மெத்தென்று ஆரம்பித்து, எலும்பில் முடியும் சத்தம்.

அவர் கத்தினார்.

இரண்டாவது அடி. மூன்றாவது. அவர் தரையில் இழுத்துவரப்படுவது தலைக்கு மேலே கேட்டது. செருப்பு மரத்தில் தேய்ந்தது. ஏதோ உடைந்தது. சின்ன சத்தம். விரலில் சொடக்கு எடுப்பதுபோல.

அவள் தாழ்ப்பாளை இழுத்தாள்.

வரவில்லை.

நடு விரல் நகம் பெயர்ந்தது. இழுத்தாள். வரவில்லை.

படார்.

கூரை ஜன்னல் இருண்டது. அண்ணாந்தாள்.

கண்ணாடியில் அவர் முகம். கன்னம் நசுங்கி, ஒரு கண் அவளையே பார்த்தபடி. அவர் பின்மண்டைக்குப் பின்னால் நீல வானம். வானம் மட்டும். ஆள் இல்லை. ஆனால் யாரோ தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்கள். மயிர் குத்திட்டு நின்றது. முகம் மேலே போனது.

படார்.

மூக்கிலிருந்து ரத்தம். கண்ணாடியில் பரவியது.

படார்.

அப்போது அவர் பேசினார். அவளிடம் அல்ல. மெல்லிய குரலில், மூச்சுக்கு மூச்சு...

"இனிமே கேக்க மாட்டேங்க... தெரியாம பண்ணிட்டேங்க... யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க... அடிக்காதீங்க..."

இருபத்தாறு வருடத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

அவள் கதவை உதைத்தாள். தோளால் மோதினாள். கண்ணாடியைக் கைமுட்டியால் குத்தினாள். "விட்டுடு அவரை" என்று அலறினாள்.

காலடி நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் கைமுட்டிக்கு நேராக, யாரோ விரலால் தட்டினார்கள்.

டக்... டக்.

பிறகு கடைசி அடி. அது மட்டும் வேறு மாதிரி விழுந்தது. அதற்குப் பிறகு அவர் குரல் வரவில்லை.

மூன்று இருபத்தைந்துக்குத் தாழ்ப்பாள்கள் எண்ணெய் விட்டதுபோல நழுவின. மூன்றும்.

அவள் படியேறினாள். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கிலும் உதட்டிலும் ரத்தம். இடது கையை மடியில் போட்டிருந்தார். கிழக்கு மேற்குத் தெரியாத அந்த மனிதர், தேர்ந்த மாலுமிபோலக் காற்றுக்குப் பாயைத் திருப்பி, துறையைப் பார்த்து நேராக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிடுச்சு" என்றார். "வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டார்."

"யாருங்க?"

அவர் துறையையே பார்த்து ஓட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொடப்போனாள். அவர் தலையைக் குனிந்து கையைக் குறுக்கே தூக்கித் தடுத்தார். அவளைப் பார்க்காமலே. அந்த நொடியைத்தான் அவளால் இன்னும் மறக்க முடியவில்லை என்கிறாள். படகில் கேட்டதையும் பார்த்ததையும்விட, அந்தத் தூக்கிய கை.

துறையில் தரகர் கயிற்றை வாங்கிக் கட்டினார். முகம் வெளிறியிருந்தது.

"என்னதான் இருந்தாலும் புருஷனை இப்படியாம்மா அடிப்பாங்க?"

"நான் கீழ இருந்தேன். கதவு திறக்கல."

"மேல ரெண்டு பேர் இருந்தீங்களேம்மா. நான் பாத்தேனே. வெறும் சட்டை போட்ட முதுகு தெரிஞ்சுதே..." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் போட்டிருந்த மஞ்சள் மிதவைச் சட்டையைப் பார்த்தார். நிறுத்தினார். "நீங்க இதைக் கழட்டவே இல்லையா?"

"இல்லை."

தரகர் சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார். எடுக்கக் குனியவில்லை.

ஐந்து மணிக்கு அரசு ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டர் ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும். தலை முதல் இடுப்புவரை எக்ஸ்ரே எடுத்தார்கள். படங்களைப் பார்த்த டாக்டர் முதலில் அவளை வெளியே போகச் சொன்னார். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவளுக்குக் கேட்டது.

"வீட்ல யாராவது உங்களை அடிக்கிறாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"இல்லை டாக்டர். இன்னிக்குத்தான்..."

"இன்னிக்கு உடைஞ்சது இல்லை இதெல்லாம். எட்டு இடத்துல உடைஞ்சு, எட்டும் சேர்ந்திருக்கு. வருஷக்கணக்கா ஆயிருக்கும்."

அவர் வாழ்நாளில் ஓர் எலும்பும் உடைந்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வேலை இடத்தில் எடுத்த முழு உடல் பரிசோதனைப் படங்கள் வீட்டில் இருக்கின்றன. அதில் ஒரு கீறல் கிடையாது.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு டாக்டரே போன் செய்து இருவரையும் வரச்சொன்னார். மேசையில் ஒரு பழைய உறை இருந்தது.

"நேத்து எந்தப் படகுன்னு சொன்னீங்க?"

சொன்னார்கள். டாக்டர் விளக்குப் பெட்டியைப் போட்டு, லிஃப்ட்காரரின் படங்களைச் செருகினார். பக்கத்தில் உறையிலிருந்து வேறு படங்களைச் செருகினார்.

"இவங்க அந்தப் படகுக்காரரோட பெண்டாட்டி. நாலு வருஷத்துல ஆறு தடவ வந்தாங்க. கூடவே புருஷனும் வருவார். ஒவ்வொரு தடவையும் படகுல வழுக்கி விழுந்தேன்னுதான் சொல்வாங்க. போலீஸ்ல சொல்லலாமான்னு கேட்டேன். காலைப் பிடிச்சுட்டாங்க. அந்தப் படத்தையெல்லாம் தூக்கிப்போட எனக்கு மனசு வரல."

இடது மணிக்கட்டு. முன்கை எலும்பு, அடியைத் தடுக்கத் தூக்கினால் உடையும் இடம். வலது சுண்டுவிரல். காறை எலும்பு. இடது பக்கம் மூன்று விலா. கன்ன எலும்பு. டாக்டர் பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஆணின் எலும்பு பெரிது, பெண்ணின் எலும்பு சிறிது. உடைந்த இடமும், கோணமும், ஒட்டிய விதமும் ஒன்று.

"அவங்க இப்போ எங்க?" என்று டீச்சர் கேட்டாள்.

"மூணு வருஷம் முன்னாடி கடல்ல தவறி விழுந்துட்டாங்கன்னு புருஷன் எழுதிக்கொடுத்தார். உடம்பு கிடைக்கல."

டாக்டர் நேற்று கவனிக்கத் தவறிய இன்னொரு படத்தை எடுத்தார். லிஃப்ட்காரரின் மண்டை, பின்பக்கம். அதற்கு ஜோடியாகச் செருக அந்த உறையில் படம் இல்லை.

"இவங்களுக்கு எட்டு. உங்களுக்கு ஒம்பது" என்றார். "இது சேரல. இப்படி உடைஞ்சா யாரும் ஆஸ்பத்திரி வரைக்கும் வர மாட்டாங்க."

லிஃப்ட்காரர் பின்மண்டையைத் தடவிப் பார்த்தார். வீக்கம் இல்லை. காயம் இல்லை. வலிக்கவும் இல்லை.

டாக்டர் எல்லாவற்றையும் போலீஸுக்குக் கொண்டுபோனார். உயிரோடு இருக்கிற ஆளின் மண்டையை வைத்து, கிடைக்காத பிணத்துக்கு வழக்குப் போட முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படகின் சொந்தக்காரர் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை லிஃப்ட்காரருக்குப் படம் எடுக்கிறார்கள். போன மாதமும் எடுத்தார்கள்.

எட்டும் சேர்ந்தபடியே இருக்கின்றன.

ஒன்பதாவது மட்டும் இன்னும் சேரவில்லை.