வெறும் வண்டியின் பாரம்

என் கணவரைப் போல ஒரு நிதானக்காரரை நான் கண்டதில்லை. பால் பெட்டி வாங்கினாலும் திகதி பார்க்காமல் கூடைக்குள் வைக்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் பொலிஸ் பிடித்தது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கெல்சென்கிர்ச்சனில் இருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு நாங்கள் வீடு மாறியதே அவருடைய புது வேலைக்காகத்தான். ஜெர்மனிக்கு வந்த நாள் முதல் உணவகங்களில் சட்டிபானை கழுவியவர் அவர். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி ஊறிக் கைகள் வெடித்து, விரலை மடக்கினால் இரத்தம் கசியும். அந்த வேலையை விடச் சொல்லி டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். விட்டால் எதைத் தின்பது? கடைசியில் ஸ்டுட்கார்ட்டில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சாரதி வேலை கிடைத்தது. டாக்டர்மாரிடம் போய் இரத்தக் குப்பிகளை வாங்கி, கூடத்தின் வான் வண்டியில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கை நனையாத வேலை. செய்தி வந்த அன்று அவர் மாதா படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றார். வழக்கமாகக் கேலி செய்கிற நானும் அன்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

எங்களிடம் இருந்த சாமான் கொஞ்சம்தான். சாமான் ஏற்றுகிற சின்ன ட்ரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் காரின் பின்னால் கொழுவிக்கொண்டு போவதாகத் திட்டம். அதைக் கெடுத்தது எங்கள் சனத்தின் அன்பு. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து, போகப் போகிறோம் என்று சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு ஏதாவது தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வீட்டார் சோபா தந்தார்கள், இன்னொரு வீட்டார் தையல் மெசின். ஐம்பது பேருக்குச் சமைக்கிற அண்டா கூட வந்தது. இரண்டு பேருக்கு அண்டா எதற்கு என்று கேட்க வாய் உன்னியது. ஆனால் ஊர் மாறிப் போகிறவர்களுக்குக் கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் சாகும்வரை முகம் பார்க்க மாட்டார்கள். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கினோம். அவ்வளவும் சின்ன ட்ரெய்லரில் அடங்காது என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் பக்கத்துத் தெரு அண்ணை வந்தார். மன்னாரில் இருந்து எங்களுக்கு வெகுகாலம் முன்னரே வந்தவர். திருநாளுக்குக் கூடாரமும் கதிரையும் ஏற்றுகிற பெரிய ட்ரெய்லர் அவருடையதுதான். வாடகைக்கு எதற்குப் போகிறாய் தம்பி, என்னுடையது சும்மா நிற்கிறது, கொழுவிக்கொண்டு போ என்று கையோடு கொண்டுவந்து வாசலில் விட்டார்.

என் கணவர் சும்மா கொழுவிக்கொண்டு ஓடுகிற ஆளா? எங்கள் கார் எவ்வளவு இழுக்கும், பின்னால் இருக்கிற கொழுவியின் குண்டு எவ்வளவு தாங்கும் என்று காரின் பத்திரங்களை விரித்து வைத்துப் படித்தார். பிறகு குளியலறையில் நிறை பார்க்கிற மெசினை எடுத்து வந்தார். ஒவ்வொரு பெட்டியையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அதில் ஏறி நின்று நிறுத்தார். பாரம் முன்னுக்குக் கூடினால் கொழுவி தாழும், பின்னுக்குக் கூடினால் ட்ரெய்லர் ஆடும் என்று சோபாவைச் சக்கரத்துக்கு நேர்மேலே ஏற்றினார். இந்த லட்சணத்தில் போனால் நத்தார்த் திருநாளுக்குத்தான் போய்ச் சேருவோம் என்று நான் ஏசினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் எல்லாம் அளவுக்குள் நின்றது. ட்ரெய்லரின் நிறையையும் சேர்த்துப் பார்த்தும் கார் இழுக்கக்கூடியதற்குக் குறைவாகவே இருந்தது.

பாதி வழியில் மழை பிடித்தது. பொலிஸ் கார் முன்னால் வந்து, பின்னால் வரச் சொல்லி ஓய்வுத் தரிப்பிடம் ஒன்றுக்குள் கூட்டிப்போனது. இளம் பொலிஸ்காரி ஒருத்தி லைசன்ஸையும் கார், ட்ரெய்லர் இரண்டின் பத்திரங்களையும் வாங்கிப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது. இவர் பதறவில்லை. எல்லாம் நிறுத்துத்தான் ஏற்றினேன், வேண்டுமென்றால் நீங்களும் நிறுத்துப் பாருங்கள் என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார். அவள் தலையை ஆட்டி என்னவோ விளக்கினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. பாரம் கூடிவிட்டது என்று நினைத்து, தார்ப்பாயை அவிழ்த்து அண்டாவை இழுத்து மழைக்குள் வைத்தேன். தையல் மெசினில் கை வைக்கும்போது இவர் வந்து தடுத்தார்.

"விடும். வெறுமையா நிண்டாலும் இதை நான் இழுக்க ஏலாதாம்."

கார் எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு, ஏற்றியிருக்கிற நிறைதான் கணக்கு. அதை இவர் சரியாகப் பார்த்திருந்தார். ஆனால் சாரதி எதை இழுக்கலாம் என்பதற்கு, காரும் ட்ரெய்லரும் ஆகக் கூடினால் எவ்வளவு நிறைக்கு அனுமதிக்கப்பட்டவை என்று பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் கணக்காம். அண்ணையின் ட்ரெய்லர் பெரியது. இரண்டையும் கூட்டினால் இவருடைய லைசன்ஸ் விடுகிற மூன்றரைத் தொன்னைத் தாண்டியது. அண்ணை சட்டம் மாறுவதற்கு முன்பு லைசன்ஸ் எடுத்தவர், அவருக்கு அந்தத் தடை இல்லை. இவர் மாறிய பிறகு எடுத்தவர். ஆகவே இவர் லைசன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியதாக வழக்கு.

அண்ணைக்குப் போன் எடுத்தோம். ஆரோ ஒருவரின் காரில் வந்து இறங்கினார். பொலிஸ் அவருடைய பழைய லைசன்ஸைப் பார்த்து, போகலாம் என்றது. அதே கார், அதே கொழுவி, அதே பாரம். ஸ்டுட்கார்ட் வரை அண்ணை ஓட்டினார், இவர் பின் இருக்கையில் பெட்டியோடு பெட்டியாக இருந்தார். எனக்குத் தெரியாதடா தம்பி, எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று நினைத்தேன் என்று அண்ணை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு நான் அவருக்குத் தேத்தண்ணீர் கூட ஊற்றிக் கொடுக்கவில்லை.

வேலையின் முதல் நாள், இப்படி ஒரு வழக்கு இருக்கிறது என்று இவர் தானாகவே போய் முதலாளியிடம் சொன்னார். அரிச்சந்திரனுக்குப் பிறகு இவர்தான்! ஏன் சொன்னீர்கள் என்று நான் கத்தினேன். சொல்லாமல் எப்படி அந்த வானை எடுப்பது என்று கேட்டார். முதலாளி மரியாதையாகக் கைகொடுத்து, வழக்கு முடியட்டும், பிறகு கதைப்போம் என்று அனுப்பிவிட்டார். வழக்கு முடிந்தது. தண்டமும் ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையும் விழுந்தன. அந்த மாதமும் கழிந்து போய்க் கேட்டபோது அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார். இவர் மறுபடியும் ஓர் உணவகத்தில் சட்டி கழுவப் போனார். கைகள் முன்பை விட மோசமாக வெடித்தன.

நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்பு வாழ்த்துச் சொல்ல, அண்ணை போன் எடுத்தார். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டிருக்க வேண்டும். களிம்பு பூசிய கையால் போனைப் பிடித்துக்கொண்டு, நல்லாப் போகுது அண்ணை என்று இவர் சொன்னது எனக்குக் கேட்டது. வைத்ததும் சண்டை பிடித்தேன். நல்ல மனதோடு தந்த மனிதருக்கு இதையும் ஏன் சுமத்துவது என்றார். அடுத்த முறை நான் சொல்லுவேன், பாருங்கள் என்றேன்.

உயிர்த்த ஞாயிறன்று அண்ணை மறுபடி போன் எடுத்தார். இவர் வேலையில் இருந்தார். நான்தான் போனைத் தூக்கினேன். கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. நான் வாய் திறக்க முன்னம் அவர் தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, அண்டைக்குப் பிறகு எனக்குச் சரியான நித்திரை இல்லை. தம்பியின்ர வேலைக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டதுதான் ஒரே ஆறுதல்."

மேசையில் திறந்து கிடந்த இவருடைய களிம்பை எடுத்து மூடினேன்.

"ஓம் அண்ணை," என்றேன். "இப்பதான் வானை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர்."