நல்ல காற்றைத் தேடி மஸ்கெலியாவுக்கு

கொழும்பில் பஸ் நிலையத்துக்கு நேரெதிரே அறை எடுத்த மகா புத்திசாலி நான். டீசல் புகையில் எனக்கு ஆஸ்துமா முற்றி, சட்டைப் பையில் இன்ஹேலர் இல்லாமல் தெருவில் இறங்க முடியாத நிலை. "எங்க தோட்டத்துக்கு வாங்க சேர், காத்துன்னா அதுதான் காத்து," என்றான் கூட வேலை செய்யும் குமார். 2006 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை இருவரும் கிளம்பினோம்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலை 5.55 ரயில். ஹட்டனில் இறங்கும்போது பதினொன்றரை. மஸ்கெலியாவுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம், இருபத்தெட்டு ரூபாய். அங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் ஏற்றம். யாழ்ப்பாணத்துச் சமதரையில் பிறந்த கால்களுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வழியில் ஒரு தடவைகூட இருமவில்லை.

குமாரின் அக்கா செல்வி கொழுந்து பறிப்பவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான அவருடைய லயக் காம்பராவுக்குள் நுழைந்த இரண்டாவது நிமிடமே எனக்கு மூச்சு அடைத்தது. ஒரே அறை. மூலையில் அடுப்பு, அதில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய ஈரக் குச்சிகள். புகை போக வழியே இல்லை. இருந்த ஒரே ஜன்னலிலும் சாக்கை மடித்துத் திணித்திருந்தார்கள். அடுப்பை ஒட்டி, ஸ்வெட்டரும் கம்பளியுமாக அவருடைய எட்டு வயது மகள் யோகா. அவள் நெஞ்சு இழுக்கும் சத்தம் வாசலிலேயே கேட்டது.

"பனி பட்டா இழுப்பு வந்துருது சேர். அதான் மூணு வருஷமா அடுப்போரமாவே வச்சிருக்கோம்," என்றார் செல்வி.

"ஜன்னலைத் திறவுங்கோ அக்கா, பிள்ளைக்கு மூச்செடுக்கேலாமல் கிடக்கு," என்று கத்திவிட்டேன். விருந்தாளி கத்துகிற கத்தா அது?

அவர் ஜன்னலை மறித்து நின்றார். "தொறந்தா குளிர் உள்ள வந்துரும். எம் புள்ள தாங்காது."

குமார் பிள்ளையைத் தூக்கினான். செல்வியும் கூட வர, த்ரீவீல் ஆட்டோ பிடித்து மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகமூடி வைத்து மருந்தை ஆவியாக்கிக் கொடுத்தார்கள். இழுப்பு தணிந்த பிறகு டொக்டர் நிதானமாகக் கேட்டார்: "வீட்டுல அடுப்பு எங்கம்மா இருக்கு?"

"புள்ளைக்குப் பக்கத்துலதாங்க."

புகைதான் பிள்ளையின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிச் சுருங்க வைக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, செல்வியின் முகம் வெளிறியது. "மூணு வருஷமா நானேதான் எம் புள்ளைக்கு இதச் செஞ்சிருக்கேனா?" என்று என்னைக் கேட்டார். குளிரும் சும்மா விடாது என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அடுப்பைத் தள்ளி வைக்க அந்த வீட்டில் இன்னொரு அறை இருந்தால்தானே.

மலைக்கு வரும் ஆஸ்துமாக்காரர்களுக்கு: இன்ஹேலரை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். குளிரில் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். லயத்தில் தங்கினால் சமைக்கும் நேரம் வெளியே இருங்கள். உங்களால் வெளியே போக முடியும்.

ஞாயிறு காலை குமார் வாசல் கூரைக்குக் கீழே, ஓரத்தில் அடுப்புக்கு மூன்று கல் வைத்தான். மழை பிடித்துக்கொண்டது. யோகாவைப் புகையில்லாத அறைக்குள் விட்டுவிட்டு, பாதி முதுகு நனைய நனைய அங்கே உட்கார்ந்து ரொட்டி சுட்டார் செல்வி. உள்ளே போகச் சொன்னேன்.

"நான் நனைஞ்சா காஞ்சிரும் சேர்," என்றார்.